23 துணிகளும் ஒரு பொத்தானும்

அம்மா இறந்து 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், எங்கள் வீட்டுத் தையல் அறையில் தைக்கப்படாத துணிகள் 23 இருந்தன. அதற்கு முந்தைய 31 நாள்களும் வீட்டில் ஆட்களுக்குக் குறைவிருக்கவில்லை. சமைப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவதற்கும் ஒருவர் மாறி ஒருவர் நின்றார்கள். திருகோணமலைப் பகுதியில் பலர் செய்வதைப் போலவே அண்ணனும் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்த்தான் கடமைகளை முடித்தார். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்று ஊரில் கதை சொல்லப்படும் அந்த ஏழு கிணறுகளிலும் தண்ணீரின் சூடு ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும். சிறு வயதில் அம்மா என்னை அங்கே கூட்டிச்சென்று, ஏழிலும் முறையாக அள்ளி வார்த்து, எது அதிகச் சூடு என்று கேட்டு விளையாட்டுக் காட்டியிருக்கிறார். அண்ணன் திரும்பி வந்த அன்று மாலையே உறவினர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். கணவர் நிலாவெளியில் தங்கு விடுதியொன்றில் வேலைக்குப் போனார், மகன் பாடசாலைக்குப் போனான், நான் தையல் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று மாதங்களில் எனக்கு நடந்ததையும் அதிலிருந்து வெளிவரும்போது எது உதவியது, எது உதவவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். துக்கத்தைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் துக்கத்தோடு சேர்ந்து வந்து, துக்கம் ஆறத் தொடங்கிய பின்னும் போகாமல் குந்தியிருந்த மற்றொன்றைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. அதற்கு அப்போது எனக்குப் பெயர் தெரியாது. சோம்பல் என்றுதான் நினைத்தேன். என்னைப் பார்த்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நான் பதினெட்டு வருடங்களாக வீட்டிலிருந்து தைப்பவள். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோதும், அம்மாவின் காலால் மிதிக்கும் பழைய மெசினைத் தூசி தட்டி எடுத்து, சொன்ன திகதிக்குச் சட்டைகளைக் கொடுத்தவள். அப்படிப்பட்ட எனக்கு ஊசியில் நூல் கோப்பதே முடியாத காரியமாகத் தோன்றியது. காலையில் ஒன்பது மணிக்கு எழும்புவேன். தைக்க வேண்டும் என்று நினைப்பேன். மனம் கொஞ்சம் சரியானதும் தொடங்கலாம் என்று பிற்போடுவேன். மதியம் ஆனதும் இன்றைய நாள் போய்விட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். அந்த நிமிடத்தில் ஒரு சிறிய நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் என்னை மோசம் செய்தது என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். ஏனென்றால் ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டதற்குப் பரிசு போல அது கிடைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் அறைக்கதவைத் திறப்பதற்கான பயமோ இரட்டிப்பாகிக்கொண்டிருந்தது.

துணி கொடுத்தவர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். முதல் கிழமை, அம்மா காரியம் என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது கிழமை நாளைக்குத் தருகிறேன் என்று பொய் சொன்னேன். மூன்றாவது கிழமை தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தினேன். பிறகு, நான் செய்திகளைப் பார்த்தது தெரியக்கூடாது என்று வட்ஸ்அப்பின் நீலக் குறியையும் நிறுத்தினேன். ஓர் ஆசிரியை தன் தங்கையின் கல்யாணத்துக்கு உடுப்பதற்காகத் தந்த சாறிச் சட்டைத் துணி, வெட்டிய நிலையிலேயே கிடந்தது. கல்யாண நாள் எனக்குத் தெரியும். அன்று முழுவதும் கேட் திறக்கும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி குசினியில் இருந்தேன். அவர் வரவில்லை. வந்து திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தக் காலத்தில் உதவாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றில் நிறைய நேரத்தை விட்டேன். இரவில் நித்திரை வராமல், ஊக்கம் தரும் பேச்சுகளைத் தொலைபேசியில் ஒன்றின் பின் ஒன்றாகப் பார்த்தேன். பார்க்கும்போது நாளையிலிருந்து புதுப் பிறவி என்று தோன்றும், விடியும்போது நித்திரை குறைந்த தலைவலி மட்டும் மிஞ்சும். ஒருமுறை, நாலு மணிக்கு எழுவது, தோத்திரம் படிப்பது, நடப்பது, சீனியை விடுவது, நாளுக்கு மூன்று சட்டை தைப்பது என்று பத்து விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் அந்தத் தாளே என்னைக் குற்றம் சொல்லும் இன்னோர் ஆளாகிவிட்டது. உனக்கு என்ன குறை, நல்ல புருஷன், தங்கமான பிள்ளை என்று அன்போடு சொன்னவர்களின் சொல்லும் அப்படித்தான் வேலை செய்தது. குறையில்லாத ஒருத்தி இப்படிக் கிடப்பது எவ்வளவு நன்றிகெட்டதனம் என்றுதான் அதைக் கேட்டு நினைத்தேன். மனம் சோர்ந்தவரிடம் அவருக்கு இருப்பவற்றை எண்ணிக் காட்டாமல், இன்றைக்குச் சாப்பிட்டாயா என்று கேட்டாலே போதும் என்பது என் எண்ணம்.

மாற்றம் ஒரு பொத்தானிலிருந்து தொடங்கியது. ஒரு நாள் காலையில் மகன் பாடசாலைக்கு வெளிக்கிடும்போது அவனது வெள்ளைச் சேட்டின் நடுப்பொத்தான் இருந்த இடத்தில் ஊக்கு ஒன்று குத்தியிருந்ததைக் கண்டேன். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"ரெண்டு கிழமை இருக்கும் அம்மா. நீங்கள் படுத்திருந்தீங்கள், அதான் சொல்லேல்லை."

தையல்காரியின் மகன் ஊக்குக் குத்திக்கொண்டு வகுப்பில் இருந்திருக்கிறான். சேட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி, குசினி வாசலிலேயே நின்று, கையூசியால் பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவன் போன பிறகும் ஊசி என் கையில் இருந்தது. தைக்கும் மனம் வந்ததால் நான் அதைத் தைக்கவில்லை. தைத்த பிறகுதான் இன்னொன்றைத் தொடலாம் போல இருந்தது. அன்று தையல் அறையைத் திறந்து, மெசினைத் தொடாமல், கிடந்த துணிகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் உரியவரின் பெயரைத் துண்டில் எழுதிக் குத்தி வைத்தேன். அதுவரை அது ஒரு குவியலாக இருந்தது. அன்றுதான் 23 என்று தெரிந்தது. எண்ணிக்கை தெரிந்ததும் பயம் சற்றுக் குறைந்தது, ஏனென்றால் என் மனம் அதை நூறாக வைத்திருந்தது.

ஆனால் ஒரு பொத்தானோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அந்தக் கிழமையே மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி இருந்துவிட்டேன், கணவர் விடாப்பிடியாக என்னை வைத்தியரிடம் கூட்டிச்சென்றார். வைத்தியர் குருதிப் பரிசோதனையும் தைரொயிட் பரிசோதனையும் எழுதினார். தைரொயிட் சரியாக இருந்தது, ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது. பெண்களுக்கு அது 12க்குக் குறையக்கூடாது. இரும்புச்சத்து மாத்திரை தந்து, சாப்பாட்டுக்குப் பின் உடனே பிளேன்டீ குடிக்கும் பழக்கம் இருக்கிறதா என்று கேட்டார். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பை உடல் உறிஞ்சுவதைத் தடுக்கும் என்பதால், உணவுக்கும் தேத்தண்ணீருக்கும் இடையில் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடவும், மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கவும் சொன்னார். நான் ஒரு நாளில் ஆறு, ஏழு பிளேன்டீயில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தவள். களைப்பில் பாதியைச் சோம்பல் என்று எண்ணி என்னையே வைதிருந்தது வீண் என்று தெரிந்தபோது கோபம்கூட வந்தது. மனம் சோர்ந்து கிடப்பவர்கள் முதலில் குருதியைப் பார்க்க வேண்டும் என்று நான் இப்போது எல்லாரிடமும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அதே வைத்தியர் வேறு சிலவற்றையும் கேட்டார். எத்தனை நாளாக இப்படி, நித்திரை எப்படி, பசி எப்படி, செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். கடைசிக் கேள்விக்கு இல்லை என்றேன், அது உண்மை. ஆம் என்று சொல்ல நேர்ந்தால் அன்றே யாரிடமாவது சொல்ல வேண்டும், பக்கத்தில் ஆள் இல்லையென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் அழைக்கலாம் என்று சொல்லிவைத்தார். சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் பெரும்பாலான நாள்களில் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் அதை மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று எடுத்துப் பார்க்க வேண்டும் என்று விளக்கி, மனநலக் கிளினிக்குக்கும் துண்டு எழுதித் தந்தார். அங்கே போக வெட்கமாக இருந்தது. தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று முக்காடு போடாத குறையாகப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர் என்னிடம் சட்டை தைப்பவர். இருவரும் சிரித்துக்கொண்டோம், இருவரும் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கிளினிக்கில் எனக்கு மாத்திரை தரவில்லை; சிலருக்கு அது தேவைப்படும், அதில் குறைவேதும் இல்லை. எனக்குத் தந்தது ஒரு வீட்டுப்பாடம். ஒவ்வொரு மணித்தியாலமும் என்ன செய்தேன் என்று எழுதி, பக்கத்தில் இரண்டு எண்கள் இட வேண்டும்: அது தந்த மகிழ்ச்சிக்குப் பத்துக்கு எத்தனை, அது தந்த நிறைவுக்குப் பத்துக்கு எத்தனை. இந்த முறையின் அடிப்படையை 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூவின்சன் வகுத்தார் என்று பின்னர் அறிந்தேன். மனம் தாழும்போது செய்வதைக் குறைக்கிறோம், செய்வது குறைவதால் நல்லது கிடைப்பதும் குறைகிறது, அதனால் மனம் இன்னும் தாழ்கிறது என்பதே அவர் சொன்னதன் சாரம். 2016இல் இங்கிலாந்தில் 440 பேரை வைத்து நடந்த ஆய்வொன்றில், இவ்வாறு செயலிலிருந்து தொடங்கும் எளிய சிகிச்சை, எண்ணங்களை ஆராயும் நீண்ட பயிற்சி தேவைப்படும் சிகிச்சைக்குப் பலனில் குறைந்ததல்ல என்று கண்டிருக்கிறார்கள். நான் இதை அறியாமலே பொத்தானில் கண்டது அதுதான்.

அளவுக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். முன்பக்கத்தில் ஊராரின் மார்பளவு, பின்பக்கத்தில் என் மனதளவு. ஒரு கிழமை முடிவில் பார்த்தபோது சில கணக்குகள் எதிர்பாராதவையாக இருந்தன. ஓய்வு என்று நான் நம்பியிருந்த மத்தியானப் படுக்கைக்கு இரண்டு நிரலிலும் பூச்சியம். இரவுத் தொலைபேசிக்கு மகிழ்ச்சி ஒன்று, நிறைவு பூச்சியம். பிடிக்காமல் செய்த ஒரு பாவாடை ஓரத் தையலுக்கு மகிழ்ச்சி இரண்டு, ஆனால் நிறைவு ஆறு. மீன் சந்தைக்குப் போய் விலை பேசி வாங்கி வந்த நாளில் இரண்டுமே ஐந்து. மகிழ்ச்சியும் நிறைவும் வெவ்வேறு என்பது எழுதிப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாது. மகிழ்ச்சி வரட்டும் என்று காத்திருந்த நான், நிறைவு தருகிற வேலையை முதலில் வைத்தால் மகிழ்ச்சி சில நாள் கழித்துப் பின்னால் வருகிறது என்பதைக் கொப்பியில்தான் கண்டேன்.

தினமும் நேரம் குறித்துச் செய்யும் வேலை ஒன்று மட்டும் போதும் என்றார்கள் கிளினிக்கில். நான் காலை நடையைத் தேர்ந்தேன். ஆறு மணிக்கு டச்சு பே கடற்கரைக்குப் போய், பிரெடரிக் கோட்டை வாசல் வரை நடந்து, புள்ளிமான்கள் குப்பைத் தொட்டியைக் கிளறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்; சில நாள் கோணேசர் கோயில் வரை ஏறுவேன், பெரும்பாலும் ஏற மாட்டேன். வாடை மழைக்காலம் ஆகையால் சூரியன் கடலிலிருந்து எழுவது அபூர்வமாகத்தான் தெரிந்தது. ஆனாலும் மேகம் மூடிய வானத்தின் கீழ்கூட வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் வெளிச்சம் ஆயிரக்கணக்கில் இருக்கும், வீட்டு மின்விளக்கின் கீழ் சில நூறுதான். காலையில் கண்ணில் படும் அந்த வெளிச்சமே உடலின் கடிகாரத்தைச் சரிசெய்து இரவில் நித்திரையை நேரத்துக்குக் கொண்டுவருகிறது. பத்தாவது நாளளவில் இரவு பதினொன்றுக்குத் தானாகக் கண் மூடியது. நித்திரை வந்த பிறகே மற்றவை எல்லாம் வந்தன என்று சொன்னால் மிகையாகாது. மழை பெய்யும் நாள்களில் குடை பிடித்து முச்சந்தி வரை போய் வந்தேன். அதுவும் கணக்கில் சேரும் என்று எனக்கு நானே விதி வைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவைத்துவிட்டு மீனவர்கள் வலை பொத்திக்கொண்டிருப்பார்கள். கடலுக்குப் போக முடியாத நாளில் செய்வதற்கென்று அவர்களிடம் வேறொரு வேலை இருக்கிறது. என்னிடம் அப்படி ஒன்று இருக்கவில்லை. தைத்தால் முழுச் சட்டை, இல்லையேல் படுக்கை என்றுதான் வைத்திருந்தேன். அதைப் பார்த்த பிறகு ஒரு பட்டியல் போட்டேன்: பொபின் சுற்றுவது, பொத்தான்களை அளவு பார்த்துப் போத்தலில் போடுவது, மெசினுக்கு எண்ணெய் விடுவது, கத்தரிக்கோல் சாணைக்குக் கொடுப்பது. மூளையைக் கேட்காத, ஆனால் மறுநாள் தையலைச் சுலபமாக்கும் வேலைகள். மோசமான நாளில் இவற்றில் ஒன்று மட்டும் செய்தால் போதும்.

எல்லாவற்றிலும் கடினமானது தொலைபேசி அழைப்புகள். தைக்கத் தொடங்கியும் மனம் பாரமாகவே இருந்ததற்குக் காரணம் நான் ஒளிந்துகொண்டிருந்த 23 பேர் என்பது கொப்பியைப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்தது: கேட் சத்தம் கேட்ட மணித்தியாலங்களில் எல்லாம் எண்கள் விழுந்திருந்தன. ஒரு தாளில் மூன்று வசனம் எழுதினேன். உங்கள் துணி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சொன்ன திகதிக்குத் தராதது என் பிழை. துணியைத் திருப்பித் தரவா, இந்தத் திகதிக்குத் தைத்துத் தரவா. காரணம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன், ஏனென்றால் அம்மாவின் சாவைச் சொன்னால் எதிரில் இருப்பவருக்குக் கோபப்பட இடமில்லாமல் போய்விடும், அது நியாயமில்லை. காலை பத்து மணிக்கு, நாளுக்கு மூன்று பேர். முதலில் கோபிக்க மாட்டார் என்று தெரிந்தவர்கள், பிறகு மற்றவர்கள். எட்டு நாளில் முடிந்தது. இருவர் நன்றாக ஏசினார்கள், ஐவர் துணியைத் திருப்பிக் கேட்டார்கள், ஒருவர் எடுக்கவே இல்லை. மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஆசிரியைக்குக் கடைசி நாள்தான் எடுத்தேன். முற்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

"காசு கிடக்கட்டும் அக்கா," என்றார். "நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் வேற இடத்தில குடுத்திருப்பன். அதுதான் கவலை."

அது சரியான ஏச்சு. அன்றைய பக்கத்தில் அந்த அழைப்புக்கு நேரே மகிழ்ச்சி பூச்சியம், நிறைவு ஒன்பது என்று எழுதியிருக்கிறேன்; கொப்பியில் அதுவே மிக உயர்ந்த எண்.

ஆள் துணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கச்சி, அபாயாவின் ஓரம் மடித்துத் தைக்கப் பழக வேண்டும் என்று கேட்டுச் செவ்வாயும் வியாழனும் வரத் தொடங்கினார். 2009இல் பாலம் திறக்கும் முன் பாதைப் படகுக்குக் காத்திருந்த கதைகளைச் சொல்வார், மற்றபடி பேசாமல் தைப்பார். அவர் வரும் நாளில் நான் எட்டு மணிக்கே அறையைத் திறந்து கூட்டிவைத்திருப்பேன். ஆறுதல் சொல்ல வருபவரைவிடப் பக்கத்தில் இருந்து தன் வேலையைச் செய்பவர் எனக்கு அதிகம் உதவினார். தனியாகத் தொழில் செய்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன், வருபவருக்கு உங்கள் நிலைமை தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இப்போது ஒரு கிழமைக்கு ஆறு துணிக்கு மேல் எடுப்பதில்லை. திகதி தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு இரண்டு நாள் முன்பே அழைத்துச் சொல்லிவிடுகிறேன். வருமானம் முன்பைவிடக் குறைவு. பாடசாலைத் தவணை தொடங்கும் முன் சீருடைத் துணிகளோடு வருபவர்களைத் திருப்பி அனுப்பும்போது மனம் கேட்பதில்லை, ஆனாலும் அனுப்புகிறேன்.

அம்மாவின் ஆண்டுத் திவசம் வந்தபோது மறுபடியும் அந்தப் பாரம் வந்தது. நாலு நாள் நடைக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் மழை. பட்டியலை எடுத்துப் பார்த்து, காலால் மிதிக்கும் மெசினில் ஒன்பது பொபின் சுற்றினேன். நூல் தீர்ந்தது. நூல் வாங்குவதற்காகக் குடையோடு கடைக்குப் போக வேண்டியதாயிற்று, போன வழியில் தொலைபேசி எடுக்காத அந்த ஒருவரின் வீட்டில் அவரது துணியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.